பிள்ளை பள்ளிக்கூடம் போன முதல் வாரம்: ஒரு இருநூறு வருஷக் கதை

(கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.)

இந்த ஜூன் மாதம் என் மகள் வயிற்றுப் பேரன் எல்.கே.ஜி. சேர்ந்தான். முதல் நாள் ஜோராகப் போனான். புதுப் பை, புதுத் தண்ணீர் பாட்டில், நெற்றியில் விபூதி. மதியம் வந்தான், சாப்பிட்டான், தூங்கினான். மறுநாள் காலை எழுப்பியபோது கண்ணைக் கசக்கிக்கொண்டே கேட்டான்:

"அம்மாச்சி, நேத்துதானே போனேன்? இன்னைக்குமா?"

சிரித்துவிட்டேன். பாவம், பள்ளிக்கூடம் என்பது கல்யாண வீடு மாதிரி ஒரு நாள் போய் வருவது என்று நினைத்திருக்கிறான். அன்று தொடங்கிய அழுகை வெள்ளிக்கிழமை வரை ஓயவில்லை. புதன்கிழமை வாசலில் அவனை விட்டுவிட்டுத் திரும்பிய என் மகளும் அழுதாள். மருமகன் வேலை நேரத்தை மாற்றிக் கேட்டு வாங்கினார். நான் என் காலை நடையை விட்டேன். ஐந்து மணிக்கே குக்கர் விசில் அடித்தது. ஒரு சின்னப் பிள்ளை மூன்று மணி நேரம் வெளியே போய்வர, நான்கு பெரியவர்களின் நாள் தலைகீழானது.

நான் 1984-ல் பணியில் சேர்ந்து 2019-ல் ஓய்வு பெற்றவள். அதில் பாதிக்கு மேல் ஒன்றாம் வகுப்பு டீச்சர். எத்தனையோ ஜூன் மாதங்களின் அழுகையைக் கேட்டவள். ஆனால் நான் பார்த்ததெல்லாம் வாசலுக்கு உள்ளே நடந்தது. வாசலுக்கு வெளியே, அந்தப் பிள்ளையின் வீட்டில் அந்த வாரம் என்ன நடக்கிறது என்பதை இப்போதுதான் முழுதாகப் பார்த்தேன். அதனால் பழைய புத்தகங்களைக் கொஞ்சம் புரட்டினேன். நம் ஊரில் அந்தக் காலத்தில் ஒரு பிள்ளை எப்படிப் பள்ளிக்கூடம் போனது? அந்த வீடு என்ன செய்தது?

பள்ளிக்கூடம் வீட்டுக்கு வந்த காலம்

1822-ல் சென்னை கவர்னராக இருந்த தாமஸ் மன்றோ ஓர் உத்தரவு போட்டார். ஒவ்வொரு மாவட்டத்திலும் எத்தனை பள்ளிக்கூடங்கள், எத்தனை பிள்ளைகள், யார் யார் படிக்கிறார்கள் என்று கலெக்டர்கள் எழுதி அனுப்ப வேண்டும். அப்போது மதுரை கலெக்டர் ரௌஸ் பீட்டர். மீனாட்சி அம்மனுக்கு ரத்தினம் பதித்த தங்கப் பாதுகை செய்து கொடுத்ததாகச் சொல்லி நம் மக்கள் 'பீட்டர் பாண்டியன்' என்று கூப்பிடுகிறார்களே, அவரேதான். 1823 பிப்ரவரியில் அவர் கணக்கு அனுப்பினார். அன்றைய மதுரை மாவட்டத்தில் 844 பள்ளிகள். படித்தவர்கள் 13,781 பேர். அதில் பெண் பிள்ளைகள் 105 பேர்.

இந்த 105 என்ற எண்ணைப் படித்ததும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். மறுநாள்தான் திரும்ப எடுத்தேன்.

அந்த 844-ம் பெரும்பாலும் திண்ணைப் பள்ளிகள். மணலில் விரலால் எழுதி, பிறகு ஓலையில் எழுத்தாணி பிடித்து, அரிச்சுவடியும் எண்சுவடியும் ராகம் போட்டுச் சொல்லிப் படித்த இடங்கள். பெரிய பையன் சின்னப் பையனுக்குச் சொல்லிக்கொடுப்பான். அவன்தான் சட்டாம்பிள்ளை. இந்த முறையைச் சென்னையில் பார்த்த ஆண்ட்ரு பெல் என்ற பாதிரியார், எழும்பூரில் தான் நடத்திய அநாதைப் பிள்ளைகள் பள்ளியில் செய்து பார்த்து, 1797-ல் லண்டனில் புத்தகமாகப் போட்டார். அது அங்கே 'மெட்ராஸ் முறை' என்று பரவியது. ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் 'மெட்ராஸ் காலேஜ்' என்ற பள்ளி இன்றும் நடக்கிறது. நம் திண்ணை மணல் அவ்வளவு தூரம் போயிருக்கிறது.

மன்றோவுக்கு வந்த அறிக்கைகளில் விரிவான ஒன்று பல்லாரி கலெக்டர் கேம்ப்பெல் எழுதியது. பல்லாரி நம் பக்கம் இல்லைதான். ஆனால் அதில் வரும் முதல் நாள் காட்சி நம் தாத்தாக்கள் சொன்னதைப் போலவே இருக்கிறது. பிள்ளைக்கு ஐந்து வயது ஆனதும் வாத்தியாரையும் பள்ளிப் பிள்ளைகளையும் வீட்டுக்கு அழைக்கிறார்கள். எல்லோரும் பிள்ளையார் உருவத்தைச் சுற்றி உட்காருகிறார்கள். வாத்தியார் சாம்பிராணி போட்டு, பூசை செய்து, பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில் எழுத வைக்கிறார். வீட்டார் அவருக்குச் சன்மானம் கொடுத்து அனுப்புகிறார்கள். படிப்பு மறுநாள்தான் ஆரம்பம்.

இதை நான் இரண்டு மூன்று தடவை படித்தேன். அன்று பிள்ளை பள்ளிக்கூடம் போகவில்லை. பள்ளிக்கூடம் பிள்ளையின் வீட்டுக்கு வந்தது. வாத்தியார் முகம், கூடப் படிக்கப் போகும் பிள்ளைகளின் முகம், எல்லாவற்றையும் அம்மா பக்கத்தில் இருக்கும்போதே பார்த்துவிடுகிறது. இன்றைக்கு ஆயிரக்கணக்கில் கட்டணம் வாங்கும் பள்ளிகள் 'பெற்றோருடன் அறிமுக நாள்' என்று வைக்கின்றன. நம்மவர்கள் ஒரு மரக்கால் அரிசியோடு முடித்திருக்கிறார்கள்.

மறுநாள் கதை வேறு. காலை ஆறு மணிக்குப் பள்ளி. முதலில் வந்தவன் உள்ளங்கையில் சரஸ்வதி பெயரை எழுதுவார்கள். இரண்டாவது வந்தவன் கையில் ஒரு பூஜ்யம். மூன்றாவது வந்தவனுக்கு மெதுவாக ஓர் அடி. நான்காவதுக்கு இரண்டு. அடுத்தடுத்து வருகிறவனுக்கு ஒவ்வொன்று கூடும். இருபதாவது வந்தவன் கதியை நினைத்துப் பாருங்கள்! எங்கள் தாத்தா சொல்வார், பள்ளிக்கு வராமல் ஒளிந்த பையனைப் பிடிக்கச் சட்டாம்பிள்ளையோடு நான்கு பேர் போவார்களாம். குதிருக்குப் பின்னால், வைக்கோல் படப்புக்குள் என்று தேடி, கைக்கு ஒருவர் காலுக்கு ஒருவராகத் தூக்கி வருவார்களாம். வீட்டார் கதவைத் திறந்து விட்டு வேடிக்கை பார்ப்பார்களாம்.

அதே கேம்ப்பெல் இன்னொன்றும் எழுதியிருக்கிறார். அதுதான் இந்தப் பதிவுக்கு முக்கியம். நடுத்தர, ஏழைக் குடும்பங்களால் படிப்புச் செலவைத் தாங்க முடியவில்லை. பிள்ளையின் பிஞ்சுக் கைகால் சின்ன வேலைக்கு வணங்கும் வயது வந்த உடனே வீட்டுக்கு அந்த உழைப்பு தேவைப்படுகிறது. 1823-ல் ஒரு வெள்ளைக்கார கலெக்டருக்குத் தெரிந்த விஷயம் இது. பிள்ளை பள்ளியில் நிற்குமா நிற்காதா என்பதை வாத்தியாரின் பிரம்பை விட வீட்டின் நிலைமைதான் தீர்மானித்தது.

காதைத் தொட்ட கை

அடுத்து எங்கள் தலைமுறைக்கு வருகிறேன். அறுபது வயது தாண்டிய எல்லோருக்கும் இது தெரியும். அப்பா கையைப் பிடித்துக்கொண்டு போவார். தலைமையாசிரியர் மேலும் கீழும் பார்ப்பார். "வலது கையைத் தலைக்கு மேலே கொண்டு போய் இடது காதைத் தொடு" என்பார். தொட்டால் ஐந்து வயது, சேர்த்துக்கொள்வார். தொடாவிட்டால் அடுத்த வருடம். பிறப்புச் சான்றிதழ் என்ற ஒன்றை அன்று கிராமத்தில் யாரும் கேட்கவில்லை, யாரிடமும் இல்லை.

பிறந்த தேதி? அதை அவரே போட்டுக்கொள்வார். அதனால்தான் நம் வயதுக்காரர்களில் பாதிப் பேர் மே, ஜூன் மாதத்தில் பிறந்திருப்போம்! நான் பிறந்தது ஐப்பசி அடைமழையில் என்று அம்மா சொல்வார். அரசாங்கக் கணக்கில் ஜூன் 1. பள்ளியில் சேர்ந்த முதல் நாளே ஐந்து மாதம் வயது கூடிவிட்டது. இன்றைக்கும் என் பிறந்தநாளுக்கு ஜூன் 1 அன்று வாழ்த்துப் போடும் நண்பர்களே, நன்றி, ஆனால் அது என் பிறந்தநாள் இல்லை!

வருகைப் பதிவேடும் ரேகைப் பதிவேடும்

மதுரைக்கு மேற்கே உசிலம்பட்டிப் பக்கம் பள்ளிக்கூடத்தின் கதை இன்னும் கனமானது. 1914 முதல் அங்கே பிரமலைக் கள்ளர் மக்கள் மீது குற்றப் பழங்குடியினர் சட்டம் போடப்பட்டது. கைரேகை எடுத்தார்கள். ஆண்கள் இரவில் போலீஸ் கண்காணிப்பில் படுக்க வேண்டும், வெளியூர் போகச் சீட்டு வாங்க வேண்டும். ரேகை எடுப்பதை எதிர்த்ததற்காக 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 16 பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் அரசு 'கள்ளர் சீரமைப்பு' என்று பள்ளிகளைத் திறக்கத் தொடங்கியது. மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் அந்தப் பெயரோடு முந்நூறுக்குச் சற்றுக் குறைய பள்ளிகள் இருந்து வந்திருக்கின்றன. அவற்றில் படித்து டாக்டர், வக்கீல், ஆசிரியர் ஆனவர்கள் ஏராளம்.

ஆனால் அந்த முதல் தலைமுறைப் பெற்றோரை நினைத்துப் பாருங்கள். ராத்திரி அப்பன் பெயரை ஒரு பதிவேட்டில் கூப்பிடுகிறார்கள். காலையில் மகன் பெயரை இன்னொரு பதிவேட்டில் கூப்பிடுகிறார்கள். இரண்டும் ஒரே அரசாங்கத்தின் பதிவேடு. அதை நம்பிப் பிள்ளையை அனுப்ப எவ்வளவு மனசு வேண்டும்! சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் 1947-ல்தான் நீங்கியது.

சோறு

பிள்ளை பள்ளிக்குப் போனால் வீட்டில் ஒரு கை குறைகிறது. அதற்குப் பதிலாக வீட்டுக்கு என்ன கிடைக்கும்? இந்தக் கேள்விக்கு நம் மாநிலம் கண்டுபிடித்த பதில் சோறு.

1920-ல் சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்த பிட்டி தியாகராயர், ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் மதிய உணவு கொடுக்கத் தீர்மானம் கொண்டுவந்தார். ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மேல் போகக்கூடாது என்று கணக்கு. மேலே இருந்த அரசு செலவை ஒப்புக்கொள்ளாததால் சில வருடங்களில் நின்றது.

1953-ல் ராஜாஜி அரசு பிள்ளைகளுக்குப் பாதி நாள் மட்டும் பள்ளி, மீதி நேரம் வீட்டில் பெற்றோர் தொழிலைப் பழகட்டும் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. 'குலக்கல்வி' என்று பெரிய எதிர்ப்பு எழுந்தது. வீட்டுக்கும் பள்ளிக்கும் உள்ள இழுபறியை அந்தத் திட்டமும் பார்த்திருக்கிறது. ஆனால் பிள்ளையைத் திரும்ப வீட்டுத் தொழிலுக்கே அனுப்பி அதைத் தீர்க்கப் பார்த்தது. 1954-ல் காமராஜர் முதலமைச்சர் ஆனதும் அதை எடுத்தார். 1956-ல் பாரதி பிறந்த எட்டயபுரத்தில் மதிய உணவைத் தொடங்கினார். கல்வி இயக்குநர் நெ.து.சுந்தரவடிவேலு கூட நின்றார். ஊரார் கொடுத்த நெல்லும் பணமும் சேர்ந்துதான் அந்த அடுப்பு எரிந்தது.

1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். திருச்சி பக்கம் பாப்பாக்குறிச்சியில் சத்துணவைத் தொடங்கினார். இரண்டு வயது முடிந்த பிள்ளைகளுக்குக் குழந்தைகள் மையம், பள்ளிப் பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே சாப்பாடு. நான் வேலைக்குச் சேர்ந்தபோது சத்துணவுக்கு இரண்டு வயது. பதினொரு மணிக்குச் சாம்பார் கொதிக்கும் வாசம் வந்தால் அழுத பிள்ளைகள் அழுகையை நிறுத்தும். பொய் இல்லை, கண்ணால் பார்த்திருக்கிறேன்.

தம்பியோடு வந்த பிள்ளை

இப்போது நான் இதுவரை எங்கும் எழுதாத ஒன்றைச் சொல்கிறேன்.

1985 ஜூன். மேலூர் பக்கம் ஒரு கிராமம். ஒன்றாம் வகுப்பில் ஒரு பெண் பிள்ளை சேர்ந்தது. ஆறேழு வயது இருக்கும். முதல் நாள் இடுப்பில் தம்பியோடு வந்து நின்றது. அவனுக்கு ஒரு வயது. அம்மா முதல் பஸ்ஸில் மதுரைக்குச் சித்தாள் வேலைக்குப் போய்விடுவார். அப்பா இல்லை. குழந்தைகள் மையத்தில் இரண்டு வயது ஆனால்தான் எடுப்பார்கள். ஆகவே தம்பி அக்காவோடு ஒன்றாம் வகுப்புக்கு வந்தான்.

அந்தப் பிள்ளை அழவே இல்லை. நாற்பது பிள்ளைகளில் அழாத ஒரே பிள்ளை அதுதான். ஒரு கையால் தம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் சிலேட்டில் 'அ' எழுதியது. முதல் வாரத்திலேயே நன்றாக எழுதியது. தம்பி மற்றவர்களின் சிலேட்டை இழுத்தான், குச்சியைத் தின்றான், வகுப்பில் ஈரம் பண்ணினான். ஏற்கெனவே அழும் பிள்ளைகள் அவனைப் பார்த்து இன்னும் அழுதன. எனக்கு வயது இருபத்து மூன்று. ஆய்வுக்கு ஆள் வருவார்கள் என்று வேறு பேச்சு. நாலாம் நாள் சாயங்காலம் சொன்னேன்:

"நாளைக்குத் தம்பிய வீட்ல விட்டுட்டு வாம்மா."

"சரி டீச்சர்."

மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. தம்பியை விட்டுவிட்டு வர வீட்டில் யாரும் இல்லை என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். அந்தப் பிள்ளை 'சரி' என்று சொன்னதை மட்டும் பிடித்துக்கொண்டேன். ஒரு தடவை வீடு தேடிப் போனேன், பூட்டியிருந்தது. பிறகு போகவில்லை. அந்த வருடக் கடைசியில் பெயரை அடித்தோம். சிவப்பு மையில் கோடு போட்டது என் கைதான்.

சுமார் இருபது வருடம் கழித்து மேலூர் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு பெண் பக்கத்தில் வந்தாள்.

"டீச்சர், இந்த வண்டி சிவகங்கை போகுமா?"

பெயர்ப் பலகை எதிரே பெரிதாக இருந்தது. "திருப்பத்தூர் போகுதும்மா" என்றேன். பிறகுதான் உறைத்தது. "நான் டீச்சர்னு எப்படித் தெரியும்?"

"உங்ககிட்ட நாலு நாள் படிச்சிருக்கேன் டீச்சர். தம்பியத் தூக்கிட்டு வருவேன்ல?"

கோபமே இல்லை அந்த முகத்தில். தம்பி பத்தாவது வரை படித்தான், திருப்பூரில் வேலை பார்க்கிறான் என்று சந்தோஷமாகச் சொன்னாள். அவளுடைய வண்டி வந்ததும் நான்தான் காட்டினேன். ஏறிப் போய்விட்டாள். நான் என் வண்டியை விட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

ஒரு மூலையில் கோணிச் சாக்கை விரித்து அவனை உட்கார வைத்திருக்கலாம். சத்துணவு ஆயாவிடம் மதியம் வரை பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கலாம். ஒரு வருடம் சமாளித்திருந்தால் அவனுக்கு இரண்டு வயது ஆகியிருக்கும், மையத்தில் எடுத்திருப்பார்கள். ஆசிரியர் பயிற்சியில் பாடத்திட்டம், குழந்தை உளவியல், கரும்பலகைப் பயிற்சி எல்லாம் படித்தேன். பிள்ளையின் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்க எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அது ஒரு சாக்குத்தான், தெரியும்.

காலை அடுப்பு

2022 செப்டம்பர் 15. அண்ணா பிறந்தநாள். நம் மதுரையில், கீழ அண்ணாத்தோப்பு ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில் முதலமைச்சர் ஸ்டாலின் காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். முதல் கட்டமாக 1,545 அரசுத் தொடக்கப் பள்ளிகள், 1,14,095 பிள்ளைகள். அடுத்த ஆகஸ்டில் திருக்குவளையில் இருந்து மாநிலம் முழுக்க விரிந்தது. எந்தக் கட்சி என்ற சண்டைக்கு நான் வரவில்லை. தியாகராயர் முதல் இன்று வரை வேறு வேறு கட்சிக்காரர்கள் ஒரே அடுப்பில் விறகு வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

நான் அந்த உப்புமாவை வேறு விதமாகப் பார்க்கிறேன். முதல் பஸ்ஸுக்கு ஓடும் ஒரு அம்மா ராத்திரியே கவலைப்படாமல் தூங்கலாம். அந்தப் பிள்ளை வெறும் வயிற்றோடு பதினொரு மணிச் சாம்பார் வாசத்துக்குக் காத்திருக்க வேண்டாம். 1985-ல் நான் எண்ணாத ஒரு மணி நேரத்தை இந்தத் திட்டம் எண்ணியிருக்கிறது.

இன்னும் மிச்சம் இருப்பது அந்தத் தம்பிதான். சித்தாள் வேலைக்கும் நூறு நாள் வேலைக்கும் போகும் அம்மாக்களின் கைக்குழந்தையை நாள் முழுக்கப் பார்த்துக்கொள்ளப் பக்கத்தில் ஓர் இடம் எல்லா ஊரிலும் இருக்கிறதா? இல்லாத ஊரில் எந்த அக்கா வீட்டில் நிற்கிறாள்? ஒன்றாம் வகுப்பு எடுக்கும் தம்பி தங்கைகளுக்கு, இந்தப் பழைய டீச்சரின் ஒரே வேண்டுகோள். முதல் வாரத்தில் அழும் பிள்ளையை எல்லோரும் கவனிப்பார்கள். அழாமல் அமைதியாக இருக்கும் பிள்ளையின் வீட்டுக்கு ஒரு நடை போய்விட்டு வாருங்கள். பூட்டியிருந்தால் மறுபடியும் போங்கள்.

பேரன் கதையைச் சொல்லி முடிக்கிறேன். அடுத்த திங்கள்கிழமை எழுப்பினேன். என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"இன்னைக்கும்தானே அம்மாச்சி?"

"ஆமாய்யா."

பெருமூச்சு விட்டுக்கொண்டு எழுந்து பல் தேய்க்கப் போனான்.

உங்கள் முதல் நாளில் உங்களைக் கொண்டுபோய் விட்டது யார்? உங்களுக்காக வீட்டில் யார் என்ன விட்டுக்கொடுத்தார்கள்? நினைவு இருந்தால் எழுதுங்கள். படிக்க ஆசையாக இருக்கிறேன்.